பாலர் நாடக சபைகளின் காலம்

இருபதாம் நூற்றாண்டின் முதல் நாற்பது ஆண்டுகளில், தமிழ்நாட்டின் பெரிய ஊர்களில் தகரக் கொட்டகை ஒன்றினுள்ளே இரவு வேளையில் ஆர்மோனியத்தின் ஒலி கிளம்பிப் படுதா மேலெழுந்ததென்றால், அங்கே வந்து நின்ற இராமனுக்கும் சீதைக்கும், கோவலனுக்கும் கண்ணகிக்கும், எமனுக்கும் சாவித்திரிக்கும் பல வேளைகளில் மீசை அரும்பும் வயதுகூட வந்திருக்காது. சிறுவர்களே அரசர்களாகவும் அரசிகளாகவும் வேடம் புனைந்து, விடியும் வரையில் பாடியும் பேசியும் நடித்தார்கள். பெரியவர்கள் ஆயிரக்கணக்கில் கூடியிருந்து அதைக் கண்டு கண்ணீர் வடித்தார்கள். பாலர் நாடக சபை என்று விளம்பரத் தாள்களிலும், பாய்ஸ் கம்பெனி என்று பொதுஜனங்களின் வாயிலும் வழங்கிய இந்த ஸ்தாபனங்கள் நம் கலைச் சரித்திரத்தில் விசித்திரமானதோர் அத்தியாயம். தமிழ் இசை நாடகத்துக்கு ஒழுங்கையும் உயிரையும் தந்தவை அவை. அந்த ஒழுங்குக்குரிய விலையைச் செலுத்தியவர்களோ, அதன் மதிப்பை அறியும் பருவம் வராத பிள்ளைகள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்ஸி நாடகக் குழுக்களின் செல்வாக்கு தென்னாட்டையும் எட்டியது. சித்திரம் தீட்டிய திரைகளும், ஒளி அலங்காரமும், ஆர்மோனியமும் தெருக்கூத்தின் திறந்த வெளியிலிருந்து நாடகத்தைக் கொட்டகைக்குள் கொண்டுவந்து சேர்த்தன. தஞ்சையில் கோவிந்தசாமி ராவ் போன்றவர்கள் கம்பெனி அமைத்து ஊர் ஊராகச் சென்றார்கள். 1891-ஆம் ஆண்டில் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது, கற்றோரும் உத்தியோகஸ்தர்களும் மேடையேறலாம் என்ற நிலை உண்டாயிற்று. ஆயினும், நாடகத்தையே ஜீவனோபாயமாகக் கொண்ட தொழில்முறை மேடையில் கிரமம் என்பது அரிதாகவே இருந்தது. கதாநாயக வேடம் போடும் பிரசித்தி பெற்ற ராஜபார்ட்டும் அவருக்குச் சளைக்காமல் பெண் வேடம் போடும் ஸ்திரீபார்ட்டும் கதையை ஒருபுறம் நிறுத்திவிட்டு ஒருவரையொருவர் பாட்டில் வெல்ல முனைவதும், ஆசிரியர் எழுதாத வசனங்களைத் தோன்றியபடி பேசுவதும், கூலித் தகராறில் ஆட்டத்துக்கே வராமல் நின்றுவிடுவதும் சாதாரணமாகிவிட்டன. எழுதியவன் எண்ணிய நாடகம் ஒன்றாகவும், சபையோர் கண்டது வேறொன்றாகவும் இருந்த காலம் அது.

இந்த நிலைமையை மாற்றியவர்களில் முதன்மையானவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். 1867-ஆம் ஆண்டில் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்து, பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் பயின்று, வெண்பாவும் சந்தமும் நினைத்த மாத்திரத்தில் வருகிற புலமையோடு நாடகத்துக்கு வந்தவர் அவர். தொடக்கத்தில் அவர் நடிகராகவே விளங்கினார். இரணியன், இராவணன், எமதருமன், சனீஸ்வரன் முதலிய உக்கிர பாத்திரங்களில் அவருக்கு நிகரில்லை என்பார்கள். நளன் நாடகத்தில் சனீஸ்வரனாக நடித்து முடித்த ஒரு விடியற்காலையில், வேஷத்தைக் கலைப்பதற்காக அவர் நீர்நிலைக்குச் சென்றபோது, கருவுற்றிருந்த பெண்ணொருத்தி அந்தக் கரிய உருவத்தைக் கண்ட அதிர்ச்சியில் உயிர்நீத்தாள் என்றும், அதன்பின் அவர் அரிதாரம் பூசுவதையே விட்டுவிட்டார் என்றும் நாடக உலகில் ஒரு செய்தி வழங்கிவருகிறது. அவருக்குள் இருந்த நடிகர் ஒதுங்கியதும் ஆசிரியர் வெளிப்பட்டார். வள்ளி திருமணம், பவளக்கொடி, சதி சுலோசனா, லவகுசா, சத்தியவான் சாவித்திரி என்று ஏறத்தாழ நாற்பது நாடகங்கள் அவர் கையிலிருந்து பிறந்தன. பாட்டும் வசனமும் இழையறாது பின்னிய அந்தப் பிரதிகளை எழுத்துப் பிசகாமல் மேடையேற்றக் கூடியவர்கள் வேண்டுமென்றால், தான் என்ற எண்ணம் முதிர்ந்த பெரியவர்களிடம் போவதில் பயனில்லை என்பதை அனுபவம் அவருக்குக் கற்பித்தது. குழந்தைகளிடம் கொடுத்தால் கொடுத்தபடியே பாடம் நிற்கும் என்று அவர் கண்டார்.

அவர் ஆசிரியராக அமர்ந்த சபைகளில் பயின்ற சிறுவர்களுள் செங்கோட்டை கிட்டப்பாவும் ஒருவர். ஒலிபெருக்கி வராத நாளில், கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவனின் செவியிலும் சுத்தமாக விழும்படி உச்ச ஸ்தாயியில் சஞ்சரித்த அந்தச் சாரீரம், 1933-ஆம் ஆண்டில் இருபத்தேழு வயதிலேயே அடங்கிவிட்டபோதிலும், ஒரு தலைமுறைக்கு இசை நாடகத்தின் அளவுகோலாக நின்றது.

1918-ஆம் ஆண்டில் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையின் ஆசிரியராக அமர்ந்தார். பெண் வேடத்தில் பேர் பெற்றிருந்த கண்ணுசாமிப் பிள்ளையின் புதல்வர்கள் சங்கரன், முத்துசாமி, சண்முகம் ஆகியோர் அந்தச் சபையில்தான் சேர்ந்தார்கள். அப்பொழுது சண்முகத்துக்கு வயது ஆறு. பின்னாளில் அவரே 'எனது நாடக வாழ்க்கை' என்ற நூலில் எழுதிவைத்த நினைவுகள்தாம் அந்தக் காலத்தை நமக்கு அருகிலே கொண்டுவந்து காட்டுகின்றன. சிறுவன் சண்முகத்தின் திறமையைக் கண்டு மகிழ்ந்த சுவாமிகள், அவனுக்கென்றே ஒரு நாடகம் எழுத விரும்பினாராம். ஓர் இரவில் உட்கார்ந்து எழுதத் தொடங்கியவர், பிள்ளைகள் உறங்கி விழிப்பதற்குள் அபிமன்யு சுந்தரி நாடகம் முழுவதையும், பாடல்களும் வசனங்களுமாக, அடித்தல் திருத்தல் இன்றி முடித்து வைத்திருந்தாராம். பாரதத்தில் பதினாறு வயதுப் பாலகனாகிய அபிமன்யுவைத் தேர்ந்தெடுத்ததிலேயே சுவாமிகளின் ஆசிரிய நெஞ்சம் புலப்படுகிறது. பெரியவர்களின் பாத்திரங்களைச் சிறுவர்கள் தாங்கிக்கொண்டிருந்த மேடையில், இளமையையே வீரமாகக் கொண்ட பாத்திரமொன்றை ஒரு சிறுவனுக்கு உரிமையாக்கிக் கொடுத்தார் அவர்.

அந்தச் சபைகளில் பாடம் நடந்த முறை குருகுலத்தை ஒத்தது. ஊரில் பெரிய வீடொன்றை வாடகைக்கு எடுத்திருப்பார்கள். கம்பெனி வீடு என்று அதற்குப் பெயர். உண்பதும் உறங்குவதும் பயில்வதும் எல்லாம் அங்கேதான். ஆட்டம் முடிந்து விடியற்காலையில் படுத்த பிள்ளைகள் எழுந்து குளித்து உண்டதும் பாடம் தொடங்கும். எழுத்தறியாத சிறுவன் வாத்தியார் சொல்லச் சொல்லக் கேட்டே உருப்போட வேண்டும். ஒரு வரியின் பொருள் விளங்குவதற்கு முன்பே அதன் சொல்லும் சுருதியும் தாளமும் நாவில் படிந்துவிடும். ஆர்மோனியக்காரர் சுருதியைப் பிடித்துக்கொண்டு உட்கார, பாட்டு தனியாகவும், வசனம் தனியாகவும், நடையும் கையசைவும் தனியாகவும் கற்பிக்கப்பட்டுப் பிறகு ஒன்றுசேர்க்கப்படும். தன் பாடத்தை மட்டும் அறிந்தால் போதாது; ராஜபார்ட் போடுகிறவன் காய்ச்சலில் விழுந்தால் அன்றிரவே அந்த இடத்தில் நிற்க இன்னொருவன் ஆயத்தமாக இருக்க வேண்டுமாதலால், கெட்டிக்காரச் சிறுவன் நாடகம் முழுவதையுமே மனத்தில் வைத்திருப்பான். மாலையானதும் முத்துவெள்ளையும் அரிதாரமும் குழைக்கப்படும். பெரிய பையன்கள் சிறிய பையன்களுக்குப் புருவம் தீட்டி, சவுரி கட்டி, முடி சூட்டிவிடுவார்கள். தூக்கம் கண்ணைச் சுழற்றினாலும், தன் கட்டம் வருகிறபோது விழித்தெழுந்து சுருதி பிசகாமல் பாடியாக வேண்டும். தவறினால் பிரம்புதான். அடியாத மாடு படியாது என்பதை வேதவாக்காகக் கொண்ட வாத்தியார்கள் அந்நாளில் அநேகர்.

சுவாமிகள் பக்கவாதத்தால் பீடிக்கப்பட்டுப் பேச்சிழந்து, 1922-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 13-ஆம் நாள் புதுச்சேரியில் காலமானார். அவர் காட்டிய வழியோ அதற்குள் பலராலும் பின்பற்றப்பட்டு நன்றாக வேரூன்றிவிட்டது. ஜெகந்நாத ஐயரின் மதுரை பால மீனரஞ்சனி சங்கீத சபை, எம்.ஆர். ராதா, நவாப் ராஜமாணிக்கம், கே. சாரங்கபாணி முதலியோருக்குப் பயிற்சிக் களமாயிற்று. சச்சிதானந்தம் பிள்ளையின் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில், தந்தையை இழந்து வறுமையில் வாடிய குடும்பத்திலிருந்து சக்கரபாணியும் ராமச்சந்திரனும் வந்து சேர்ந்தார்கள். அந்த ராமச்சந்திரனே பிற்காலத்தில் தமிழ்நாட்டின் முதலமைச்சரான எம்.ஜி.ஆர். அதே கம்பெனியில் பி.யு. சின்னப்பா பாடிப் புகழ்பெற்றார். 1925-ஆம் ஆண்டில் சங்கரன், முத்துசாமி, சண்முகம் முதலிய டி.கே.எஸ். சகோதரர்கள் திருவனந்தபுரத்தில் ஸ்ரீ பால சண்முகானந்த சபையைத் தாங்களே தொடங்கினார்கள்; என்.எஸ். கிருஷ்ணன் அங்கே வளர்ந்தவர். நவாப் ராஜமாணிக்கம் தேவி பால விநோத சங்கீத சபையை நிறுவி, இராமாயணம், தசாவதாரம், ஏசுநாதர், ஐயப்பன் என்று பக்தி நாடகங்களைக் காட்சி வைபவங்களோடு அளித்தார். எம்.என். நம்பியார் சிறுவனாகச் சேர்ந்த இடம் அது. யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் சபையில், பெற்றோர் இல்லாத அநாதை என்று பொய் சொல்லிச் சேர்ந்த ஏழு வயதுச் சிறுவன் முதன்முதலில் தாங்கிய வேடம் சீதை. அவரே சிவாஜி கணேசன்.

இந்தப் பெயர்களின் வரிசையைக் காணும்போது நெஞ்சம் பூரிப்பது இயல்பு. ஆனால், இந்த வரிசையில் இடம்பெறாதவர்களை நினையாமல் இச்சரித்திரத்தைச் சொல்லி முடிப்பது நியாயமாகாது. பிள்ளைகள் பாலர் சபைகளுக்கு வந்ததற்குக் கலையார்வம் மட்டும் காரணமன்று. பல வீடுகளில் பசியே காரணம். மூன்று வேளைச் சோறும், பெற்றோருக்கு மாதந்தோறும் சொற்பத் தொகையும் கிடைக்கும் என்பதற்காக ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டுக் கொடுக்கப்பட்ட பிள்ளைகள் அநேகர். தாயைப் பார்க்க வேண்டுமென்று அழுதாலும் ஒப்பந்தக் காலம் முடியும் வரையில் போக வழியில்லை. கொட்டகையில் கைதட்டல் பெற்ற சீதையும் சாவித்திரியும் காலையில் கண்விழிக்கும்போது வீட்டு நினைவில் ஏங்குகிற சிறுவர்கள்தாம்.

அவர்கள் யாவருக்கும் பொதுவாக ஒரு பயம் இருந்தது; அது மகரக்கட்டு. பதின்மூன்று, பதினான்கு வயதில் ஒருநாள், நேற்றுவரை மூன்று ஸ்தாயியிலும் தடையின்றி ஓடிய குரல் திடீரென்று கரகரத்து உடையும். மேல் ஸ்தாயியை எட்ட முயன்றால் கீச்சென்று நழுவும். பாட்டே பிரதானமாயிருந்த மேடையில் அந்தக் குரலுக்கு இடமில்லை. முந்திய மாதம் வரையில் பெயரைப் பெரிய எழுத்தில் அச்சிட்ட கம்பெனி, அவனைப் பின்வரிசைச் சேவகனாக நிறுத்தும். அதற்கும் ஆளிருந்தால் ஊருக்கு அனுப்பிவிடும். ஆறு வயதிலிருந்து பாட்டையன்றி வேறு தொழில் அறியாதவனாய், பள்ளிக்கூடமும் கண்டிராதவனாய், ஊர் திரும்பிய அந்தப் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்பதை எந்த விளம்பரத் தாளும் பதிவு செய்யவில்லை. மகரக்கட்டைக் கடந்து, நடிப்பினாலோ நகைச்சுவையினாலோ மீண்டு நிலைத்தவர்களே நாம் இன்று பெயர் சொல்லுகிறவர்கள்.

காலம் செல்லச் செல்ல நாடகத்தின் போக்கும் மாறியது. சம்பந்த முதலியாரின் வழிவந்த எம். கந்தசாமி முதலியார் பாலர் சபைகளுக்கு ஆசிரியராக வந்து, பாட்டைக் குறைத்து, வசனத்தையும் மெய்ப்பாட்டையும் வளர்த்து, சமகால வாழ்க்கையைக் கூறும் நாடகங்களைப் பயிற்றுவித்தார். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலாகிய மேனகா அவ்வாறு மேடையேறி, 1935-ஆம் ஆண்டில் டி.கே.எஸ். சகோதரர்களின் நடிப்பில் திரைப்படமும் ஆயிற்று. 1931-ஆம் ஆண்டில் காளிதாஸ் வாயிலாகத் தமிழ் பேசத் தொடங்கியிருந்த சினிமாவுக்குப் பாடவும் பேசவும் தெரிந்த நடிகர்கள் உடனே தேவைப்பட்டார்கள். அத்தகையோர் பலர் ஆயத்தமாக இருந்த இடம் பாலர் சபைகள். எம்.ஜி.ஆர். முதன்முதலில் தோன்றிய சதி லீலாவதி 1936-ஆம் ஆண்டில் வந்தபோது, அதன் கதாநாயகராக நடித்த எம்.கே. ராதா கந்தசாமி முதலியாரின் புதல்வரே. சபைகள் வளர்த்த பிள்ளைகளைக் கொண்டே சினிமா தழைத்தது. தழைத்த சினிமாவே சபைகளின் கொட்டகைகளைக் காலியாக்கியது. டி.கே.எஸ். சபை மட்டும் நெடுங்காலம் தாக்குப்பிடித்து, சண்முகம் ஔவையாராக வேடம் தாங்கி ஔவை சண்முகம் என்றே பெயர் பெறும் அளவுக்கு நாடகத்தைக் காத்தது. மதுரை, புதுக்கோட்டைப் பக்கங்களில் கோயில் திருவிழாக்களில் வள்ளி திருமணம் விடிய விடிய நடைபெறுவது சுவாமிகளின் செல்வம் முற்றும் அழிந்துவிடவில்லை என்பதற்குச் சான்று.

கோடை விடுமுறையில் இளம் பிள்ளைகளை ஒன்றுகூட்டிப் பாட்டும் நடிப்பும் கற்பித்து, முடிவில் ஒரு நாடகத்தை மேடையேற்றும் பயிற்சி முகாம்கள் இக்காலத்தில் நடைபெறுகின்றன. பதின்மூன்று வயதுக்கு மேற்பட்ட மாணவர்கள், அதாவது பாலர் சபை எந்தப் பருவத்தில் பிள்ளைகளை வெளியே அனுப்பியதோ அந்தப் பருவத்தினர், அவற்றில் ஆர்வத்தோடு சேர்கிறார்கள். மாலையில் வீடு திரும்புகிறார்கள். ஜூன் பிறந்தால் பள்ளிக்குப் போகிறார்கள். குரல் உடைந்தவனுக்கும் அவன் குரலுக்கேற்ற பாத்திரம் கிடைக்கிறது. இது பெரும் முன்னேற்றம் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆயினும், அத்தகைய முகாம் நடத்துகிறவர்கள் பாலர் சபைகளின் பாடமுறையை ஒருமுறை ஊன்றிப் பார்க்க வேண்டும் என்பது என் விண்ணப்பம். சுருதியில் நின்று பேசுதல், நாடகம் முழுவதையும் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல், எழுதிய சொல்லுக்கு மரியாதை செலுத்துதல், பயில்கிறவனின் இயல்பறிந்து அவனுக்கென்றே பாத்திரம் படைத்தல் ஆகிய இந்நான்கும் பிரம்பில்லாமலும் ஒப்பந்தமில்லாமலும் கற்பிக்கக் கூடியவையே. அபிமன்யுவை ஓரிரவில் எழுதிக் கொடுத்த ஆசிரியரின் அன்பு நம் கைக்கு வந்து சேர்ந்த முதுசொம். பெயர் தெரியாமல் ஊர் திரும்பிய பிள்ளைகளின் துயரம் நாம் தீர்க்க வேண்டிய கடன். இசை நாடகத்தை இளைஞர்க்குக் கற்பிக்க முன்வரும் எவரும் இவ்விரண்டையும் ஏற்றுக்கொண்டே தொடங்க வேண்டும்.