தோட்டக்காரனின் நாய்: ஒரு ஸ்பானிய இன்பியல் நாடகமும் அதன் ஆங்கில மேடையேற்றமும்

ஒரு நாட்டில் தோன்றிய நாடகம் பிறிதொரு நாட்டு மேடையில் உயிர்பெறுவதாயின், அஃது இரண்டாம் முறை பிறத்தல் வேண்டும். நூலில் நன்கமைந்த மொழிபெயர்ப்பு நடிகனின் நாவில் பொருந்தாது போதலும் உண்டு. இவ்வுண்மைக்கு லோப்பே டி வேகாவின் 'தோட்டக்காரனின் நாய்' தக்க சான்றாகும்.

லோப்பே 1562ஆம் ஆண்டில் மத்ரீத் நகரிற் பிறந்து 1635இல் மறைந்தார். சேக்ஸ்பியருக்கு ஈராண்டு மூத்தவர். வீடுகளுக்கிடையே அமைந்த திறந்த முற்றங்களே அவர் காலத்து அரங்குகள். 1660 வரை ஆங்கிலப் பொதுமேடையிற் பெண் வேடங்களை ஆடவரே தாங்க, ஸ்பானிய மேடையிலோ அதற்குப் பல்லாண்டு முன்னரே பெண்கள் நடித்தனர். லோப்பேயின் தலைவியர் உரம்மிக்கவராய் விளங்குவதற்கு இதுவும் ஒரு காரணமெனலாம்.

1618இல் அச்சேறிய இந்நாடகத்தின் களம் நேப்பிள்ஸ். பெல்புளோர்ப் பெருமாட்டி டயானா தன் செயலாளன் தெயொடோரோவைக் காதலிக்கிறாள். குலப்பெருமை அவனை ஏற்கவிடாது. பொறாமை அவனைத் தோழி மார்சேலாவுக்கு விடவும் இசையாது. கோவாவைத் தானும் உண்ணாது, பிறரையும் உண்ணவிடாத தோட்டக்காரனின் நாயைப் பற்றிய ஸ்பானியப் பழமொழியே நாடகத்தின் பெயராயிற்று. ஆங்கிலத்தில் அந்நாய் மாட்டுத் தொட்டிக்கு இடம்மாறிவிட்டது. தமிழரோ அதனை வைக்கோற்போரிற் காண்பர். தலைப்பே இவ்வாறு இடம் பெயருமாயின், உள்ளிருக்கும் கவிதையைப் பற்றிக் கூறவேண்டுமோ?

காதலுரைக்கு ஒரு யாப்பும், முறையீட்டுக்கு ஒரு யாப்பும், காத்திருப்போர் கூற்றுக்குச் சொனெற்றும் ஏற்றவையென லோப்பே 1609இல் எழுதிய நாடகக் கலை பற்றிய செய்யுளில் வகுத்தார். யாப்பு மாறுமிடத்து உள்ளமும் மாறுகின்றது. எனவே, உரைநடையிற் பெயர்ப்பவர் கதையைக் காப்பினும் இம்மாற்றத்தை இழப்பர். யாப்பை அப்படியே பேண முயல்பவரோ நகைச்சுவையின் விரைவை இழத்தல் கூடும். செய்யுள் மக்களுக்குச் சலிப்பூட்டுமென்ற அச்சம் அடிப்படையற்றதென்பதை, செய்யுளை விடாது பிலார் மிரோ இயக்கிய 1996ஆம் ஆண்டுத் திரைப்படம் காட்டிற்று. அஃது ஏழு கோயா விருதுகளைப் பெற்றது.

2004இல் றோயல் சேக்ஸ்பியர் நாடகக்குழு, ஸ்ராற்போட்டிலுள்ள சுவான் அரங்கில் ஸ்பானியப் பொற்கால நாடகங்கள் நான்கினை ஒருங்கே மேடையேற்றியது. அவற்றுள் ஒன்று இந்நாடகம். பெல்பாஸ்ற் குவீன்ஸ் பல்கலைக்கழக அறிஞர் டேவிட் ஜோன்ஸ்ரன் புதிதாக மொழிபெயர்க்க, லோறன்ஸ் பொஸ்வெல் நெறிப்படுத்தினார். சேக்ஸ்பியரின் பிறந்த ஊரிலேயே அவர்தம் ஸ்பானிய சமகாலத்தவர் ஒருவருக்கு இடங்கிடைத்தமை குறிப்பிடத்தக்கது.

முடிவிலேயே நாடகத்தின் கூர்மை வெளிப்படுகின்றது. காணாமற்போன பிரபுமைந்தனே தெயொடோரோவென ஏவலாளன் திரிஸ்தான் பொய்க்கதை புனைகிறான். தெயொடோரோ உண்மையை டயானாவிடம் ஒப்புக்கொள்கிறான். அவளோ பொய்யென்றறிந்தும் அவனை மணக்கிறாள். இறுதியில் அம்மறையை வெளியிடாதிருக்குமாறு அவையோரே வேண்டப்படுகின்றனர். குலம் என்பது ஊரார் நம்பும் ஒரு கதையே என்பதை அறிந்துகொண்டு, அவையோரும் அப்பொய்க்கு உடந்தையாகின்றனர். அவ்வேண்டுகோளை ஒரு பழங்கால வேடிக்கையாகக் கேட்டுச் சிரிப்பதோடு அவையோர் நின்றுவிடின் மொழிபெயர்ப்புத் தோற்றதாகும். தம் ஊரின் குலக்கதைகளையும் அவர் ஒருகணம் எண்ணுவாராயின், அதுவே அதன் வெற்றியாகும்.