ரஞ்சன்காவுக்கு எட்டாத அட்டவணை: புனே புறநகர் ரயிலும் உழைப்பாளியின் நேரமும்

ரயில் கால அட்டவணையை வசதிக்கான பட்டியலாக மட்டுமே பார்க்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஆனால் ஒரே தண்டவாளத்தை யார், எந்த நேரத்தில், யாருக்கு முன்னால் பயன்படுத்தலாம் என்ற அதிகாரப் பங்கீட்டின் ஆவணமும் அதுவே. புனே வட்டாரத்தின் ரயில் வரலாறு இதைத் தெளிவாகக் காட்டுகிறது.

கண்டாலா–புனே பாதை 1858இல் திறக்கப்பட்டது. போர் மலைச்சரிவுப் பாதை 1863இல் முடிந்த பிறகே பம்பாயுடன் தொடர்ச்சியான ரயில் இணைப்பு கிடைத்தது. 1870களிலிருந்து இந்திய ரயில்வேக்கள் சென்னை நேரத்தைப் பொது நேரமாகப் பின்பற்றின. சென்னையின் சூரிய நேரம் புனேயினுடையதைவிட ஏறத்தாழ 26 நிமிடம் முந்தியது. ஆகவே புனே நிலையத்தின் கடிகாரம் ஊரின் பொழுதோடு ஒத்துப்போகவில்லை. பின்னர் இந்தியத் திட்ட நேரம் நடைமுறைக்கு வந்தபோதும் பம்பாய் நகரம் தன் நேரத்தை 1955 வரை விடவில்லை. தொழிற்சாலைச் சங்குக்கு முன்பே, உள்ளூர் வாழ்க்கையை வெளியூர்க் கடிகாரத்துக்குக் கட்டுப்படுத்தியது ரயில்தான்.

கல்யாண்–புனே பாதை 1929வாக்கில் மின்மயமானது. 1930 ஜூன் 1ஆம் நாள் 'டெக்கான் குயின்' ஓடத் தொடங்கியது. மின்சாரத்தின் முதற்பயன் இரு நகரங்களுக்கு இடையே விரைந்து செல்ல வேண்டியோருக்கே கிடைத்தது. இதனோடு ஒப்பிட வேண்டியது சென்னை. அங்கு 1931இல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் தொடங்கியபோதே அது அன்றாடப் பயணிக்கான புறநகர்ச் சேவையாகத் திட்டமிடப்பட்டிருந்தது. புனேயில் மின்கம்பி வந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்த பின், 1978 மார்ச்சில்தான் புனே–லோனாவளா புறநகர் வண்டி ஓடியது. அதற்குள் பிம்பிரியில் இந்துஸ்தான் ஆண்டிபயாடிக்ஸ் தொடங்கி (1954), மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம் அமைந்து (1962), வாகனத் தொழிற்சாலைகளும் எழுந்துவிட்டன. தொழிலாளி முன்னே வந்தார். அவருக்கான அட்டவணை பின்னே வந்தது.

தாமதமாக வந்த அந்தச் சேவைக்குத் தனிப்பாதையும் வாய்க்கவில்லை. நீண்டதூர விரைவு வண்டிகளும் சரக்கு வண்டிகளும் ஓடும் அதே இருவழிப் பாதையில்தான் உள்ளூர் வண்டியும் இடம் தேட வேண்டும். அட்டவணை அமைப்போர் தூரத்தை ஓர் அச்சிலும் நேரத்தை மற்றோர் அச்சிலும் வைத்து ஒவ்வொரு வண்டியையும் ஒரு சாய்கோடாக வரைவர். எல்லா நிலையங்களிலும் நிற்கும் வண்டியின் கோடு மெல்லச் சரியும். விரைவு வண்டியின் கோடு செங்குத்தாக ஏறும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒன்று ஒதுங்க வேண்டும். ஒதுங்குவது பெரும்பாலும் உள்ளூர் வண்டியே. தண்டவாளப் பராமரிப்புக்காக நண்பகலில் விடப்பட்ட நீண்ட இடைவெளியும் அதன் தலையில்தான் விழுந்தது.

கணக்கு எளியது. ஒருவழிப் பயணம் 80 நிமிடம், ஒவ்வொரு முனையிலும் திரும்ப 20 நிமிடம் என்று கொண்டால், ஒரு சுற்றுக்கு 200 நிமிடம் ஆகும். மணிக்கு ஒரு வண்டி விட 4 தொடர்கள் வேண்டும். அரைமணிக்கு ஒன்று விட 7 வேண்டும். ஆனால் தொடர்களை வாங்கிவிட்டால் மட்டும் போதாது. அவை ஓடப் பாதையில் வெற்றிடம் வேண்டும். மூன்றாவது, நான்காவது பாதைகளுக்கான கோரிக்கை இந்த இடத்திலிருந்தே எழுகிறது.

கிழக்கே நிலைமை இதனினும் பின்தங்கியது. புனே–தவுண்ட் பாதை 2017இல் மின்மயமானபோதும், அவ்வாண்டு மார்ச்சில் தொடங்கியது டீசல் வகைத் தொடர்வண்டியே. மின்சாரத் தொடருக்கு ஏற்ற உயரத்தில் நடைமேடைகள் இல்லாதது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. கம்பி ஆயத்தமாக இருந்தும் நடைமேடை ஆயத்தமாகவில்லை என்றால், திட்டமிட்டோரின் கண்ணில் முதலில் பட்டது பயணி அல்லர் என்பது புலனாகும்.

ரஞ்சன்காவ் இந்தப் பாதையிலும் இல்லை. அஷ்டவிநாயகத் தலங்களுள் ஒன்றான அவ்வூர், தாராளமயத்துக்குப் பின் வாகன, மின்னணு ஆலைகள் நிறைந்த பெருந்தொழிற்பேட்டையாயிற்று. தவுண்ட் பாதை தெற்கே பீமா ஆற்றுக்கு அப்பால் செல்கிறது. மன்மாடு பாதை கிழக்கே விலகிச் செல்கிறது. இடையில் அகல்யாநகர் நெடுஞ்சாலை ஒன்றே வழி. பணிமுறை மாறும் வேளையில் நிறுவனப் பேருந்துகள், அரசுப் பேருந்துகள், இருசக்கர வண்டிகள் எல்லாம் அச்சாலையிலேயே திரள்கின்றன. நிறுவனப் பேருந்தின் நேரத்தை வகுப்பது ஆலையே. கூடுதல் பணி முடிந்து வெளியே வருபவருக்கு அடுத்த வண்டி உண்டா என்பதைப் பொது அட்டவணை எதுவும் உறுதி செய்வதில்லை.

பிம்பிரிக்கு ஆலை வந்த பிறகாவது ரயில் நேரம் கிடைத்தது. ஏற்கெனவே தண்டவாளம் இருந்ததே அதற்குக் காரணம். ரஞ்சன்காவுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. நிலத்தை ஒதுக்கும்போதே உழைப்பாளியின் போக்குவரத்தையும் ஒதுக்காத தொழில்மயம், தன் செலவின் ஒரு பகுதியை அவருடைய உறக்க நேரத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. எந்த நிறுவனத்தின் கணக்கேட்டிலும் அது பதிவாவதில்லை என்பதாலேயே, ஆய்வாளர் அதை அட்டவணைகளின் வெற்றிடங்களில் தேட வேண்டியிருக்கிறது.