பந்தியும் பாத்திரமும்

தகடூர் மண்ணிலிருந்து விருந்தைப் பற்றி எழுதப் புகும் எவரும் அதியமானை ஒதுக்கிச் செல்ல இயலாது. நெல்லிக்கனியைப் பற்றி நாம் போதிய அளவு பேசிவிட்டோம். பட்டிமன்ற மேடைகளில் சற்று மிகையாகவே பேசிவிட்டோம். அவன் மறைந்தபின் ஔவை பாடிய கையறுநிலைப் பாடலே (புறநானூறு 235) இங்கு நம் கருத்துக்கு உரியது. கள் சிறிதாயின் பாடுவோர்க்கே ஈந்துவிடுவான். பெரிதாயின் அவர்கள் பாடத் தானும் உடனிருந்து மகிழ்வான். சோறு சிறிதாயினும் பெரிதாயினும் பல கலங்களோடு கூடியே உண்பான் என்று ஔவை நினைந்து நினைந்து அரற்றுகிறார். ஒருவன் இறந்தபின் அவனோடு உண்டதே அவனது நினைவாக எஞ்சுகிறது.

கிறித்தவ சமயத்தின் நடுவிடத்தில் இருப்பதும் இத்தகைய நினைவு விருந்தே. இறப்பதற்கு முந்தைய இரவில் இயேசு சீடரோடு உண்ட உணவை இரண்டாயிரம் ஆண்டுகளாக அச்சமயத்தார் திரும்பத் திரும்ப நிகழ்த்தி வருகின்றனர். தமிழில் இதற்கு வழங்கும் பெயர்களே ஓர் ஆராய்ச்சிக்கு உரியவை. கத்தோலிக்கர் 'நற்கருணை' என்பர். சீர்திருத்தத் திருச்சபையார் 'இராப்போஜனம்' என்றும் 'திருவிருந்து' என்றும் வழங்குவர். பவுலடிகளின் கடிதத்தில் வரும் கிரேக்கச் சொல்லைத் தமிழ் வேதாகமம் ஓரிடத்தில் 'ஐக்கியம்' என்றும், திருத்தூதர் வரலாற்றில் 'அந்நியோந்நியம்' என்றும் பெயர்த்துள்ளது. அப்பம் ஒன்று, ஆகவே அதில் பங்கு பெறுவோர் பலராயினும் ஓருடல் என்பது பவுலின் வாதம். இவ்வாதம் தமிழகத்துக்கு வந்தபோது நேர்ந்தது என்ன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நம் நாட்டில் உடனுண்ணல் எளிய செயலன்று. யார் சமைத்தது, யார் கையால் பெறுவது, யாருக்குப் பின் யார் உண்பது என்பவற்றைக் கொண்டே சாதி தன்னைக் காத்து வந்திருக்கிறது. ஒரே பாத்திரத்தில் வாய் வைத்து அருந்தும் சடங்கு இத்தகைய சமூகத்துக்குள் நுழைந்தபோது, ஒன்று சாதி உடைய வேண்டும். அல்லது சடங்கு வளைய வேண்டும். நெடுங்காலம் வளைந்தது சடங்குதான்.

திருத்தந்தையின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன், மதுரை, மைசூர், கருநாடக மறைபரப்புப் பணித்தளங்களுக்கு உரிய ஆணை ஒன்றை 1704இல் வெளியிட்டார். பறையர் குடில்களுக்குள் சென்று சாகக்கிடப்போர்க்கு இறுதி அருட்சாதனங்களை வழங்கக் குருக்கள் தயங்கியதை அவ்வாணை கண்டித்தது. 1744இல் வந்த தீர்வு, அம்மக்களுக்கெனத் தனிக் குருக்களை அமர்த்துவது என்பதாக முடிந்தது. நோயுற்றவர்க்கு நற்கருணை கிடைத்தது, வாசற்படி கடக்கப்படவில்லை.

தரங்கம்பாடியின் கதை இதனினும் நெஞ்சை உறுத்துவது. சீகன்பால்கு 1706இல் வந்திறங்கியதும், அவர் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயம் 1718இல் திறக்கப்பட்டதும் யாவரும் அறிந்தவை. அதிகம் பேசப்படாதவர் இராஜநாயக்கன். தஞ்சை மன்னரின் படையில் பணிபுரிந்தவர், பறையர் குலத்தவர், கத்தோலிக்கராக இருந்து, தமிழில் அச்சான புதிய ஏற்பாட்டைப் படித்து உள்ளம் மாறியவர். தஞ்சை நாட்டில் உபதேசியாராக அவர் ஆற்றிய பணியை மிஷனரிகளே பெரிதும் போற்றினர். ஆயினும் 1733இல் தமிழரில் முதல் குருவாக ஆரோன் அபிஷேகம் பெற்றார். 1741இல் தியோகு பெற்றார். இராஜநாயக்கன் இறுதிவரை உபதேசியாராகவே இருந்தார். அவர் கையால் திருவிருந்து வழங்கப்பட்டால் மேற்சாதிக் கிறித்தவர்க்கு அச்சடங்கின்மேல் உள்ள மதிப்புக் குறைந்துவிடும் என்று மிஷனரிகள் அஞ்சினர். அவர் வாயால் வேதம் கேட்கலாம். அவர் கையால் அப்பம் பெறலாகாது! இதைவிடத் தெளிவாகச் சாதியின் இலக்கணத்தை எந்நூலும் உரைக்கவில்லை.

கவிஞர்களாகிய நமக்கு அடுத்த காட்சி இன்னும் சங்கடமானது. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864) சுவார்ட்சு ஐயரின் வளர்ப்பு. இரண்டாம் சரபோஜி மன்னரின் உடன்பயின்ற தோழர். பெத்லகேம் குறவஞ்சி தந்தவர். இளைய மிஷனரிகள் எல்லாச் சாதியாரும் ஆலயத்தில் சேர்ந்தமர்ந்து ஒன்றாகத் திருவிருந்து பெற வேண்டும் என்று வற்புறுத்தியபோது, 1829இல் அதை எதிர்த்து எழுதியவர் அவரே. அக்காலத்து முறையீடுகளில் அவர் வேறு சிலவற்றுக்காகவும் வாதாடினார்: வழிபாட்டிலிருந்து தமிழ்க் கீர்த்தனைகள் அகற்றப்படலாகாது, திருநாளில் பூக்கள் விலக்கப்படலாகாது. பாட்டுக்கும் பூவுக்கும் அவர் வழக்காடியது முற்றிலும் நியாயம். அதே மூச்சில் தனிப் பந்திக்கும் வழக்காடினார். பண்பாட்டைக் காப்பது எங்கே முடிகிறது, பாகுபாட்டைக் காப்பது எங்கே தொடங்குகிறது என்பதை அத்துணைப் பெரிய புலவராலும் காண இயலவில்லை. அவரைப் போற்றுவோர் பலர் இப்பகுதியை விட்டுவிட்டே போற்றுகின்றனர். அது அவருக்கும் நேர்மை செய்வதாகாது.

1833 ஜூலையில் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன், சபையில் சாதி வேற்றுமை உடனே, முற்றாக ஒழிய வேண்டும் எனச் சுற்றுமடல் விடுத்தார். 1835இல் தாமே தஞ்சைக்கும் வந்தார். பலர் சபையை விட்டு விலகினர். பின்னர் அவர்களுள் ஒரு பகுதியினர், சாதியைப் பொறுமையுடன் அணுக வேண்டும் எனக் கருதிய லைப்சிக் லுத்தரன் மிஷனில் சேர்ந்தனர். 1850இல் சென்னை மிஷனரி மாநாடு இன்னும் ஒரு படி சென்று, சாதியை விட்டதற்குச் சான்றாகத் தாழ்த்தப்பட்டவர் சமைத்ததை உண்ண வேண்டும் என்றது. அப்பமும் இரசமும் போதாமல் சோறும் குழம்பும் சாட்சிக்கு அழைக்கப்பட்டன! ஆணையால் பந்தியில் அமர்த்தலாம். மனத்தை அமர்த்துதல் ஆணைக்கு அப்பாற்பட்டது. வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கத்தோலிக்க ஆலயத்தில் சாதிகளைப் பிரித்து நின்ற தடுப்பு 1910வரை நீடித்தது.

பிரிவினை சாதியால் மட்டும் வந்ததன்று. ஆங்கிலிக்கர், மெதடிஸ்டு, காங்கிரிகேஷனல் எனப் பிற நாட்டுச் சண்டைகள் நம்மூர்ப் பந்தியையும் பிரித்தன. 1910இல் எடின்பரோ மாநாட்டில், தூத்துக்குடிப் பகுதியில் பிறந்த வே. ச. அசரியா, மிஷனரிகள் இந்தியருக்காகத் தியாகம் செய்கின்றனர், ஆனால் நண்பராகப் பழகுவதில்லை என்று வெளிப்படையாகக் குறை கூறினார். 1919இல் அதே தரங்கம்பாடியில் கூடியோர் திருச்சபை ஒன்றிப்புக்கு வித்திட்டனர். அசரியா 1945இல் மறைந்தார். தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் உருவாயிற்று.

நம் மாவட்டம் இவ்வரலாற்றின் ஓரத்தில் நின்றது. சேலத்தில் 1827இல் தொடங்கிய இலண்டன் மிஷனின் வழியும், அதற்கும் முந்தைய கத்தோலிக்க மறைபரப்பின் வழியும் இங்குச் சபைகள் முளைத்தன. 1997இல் தர்மபுரி தனி மறைமாவட்டமாயிற்று. பாத்திரத்தின் வழக்கு ஆலயத்துக்கு வெளியிலும் நடந்தது என்பதைத் தமிழகத்துச் சிற்றூர்த் தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளைகள் நமக்குக் காட்டியுள்ளன.

1950 ஜனவரியில் மதுரையில் கூடிய பேரவையில் தென்னிந்தியத் திருச்சபையின் புதிய திருவிருந்து ஒழுங்கு முதன்முதலாகப் பயன்பட்டது. கேரளத்துச் சிரியன் கிறித்தவ மரபிலிருந்து ஒரு வழக்கத்தை அவ்வொழுங்கு எடுத்துக்கொண்டது. அப்பம் பகிர்வதற்கு முன் சமாதானம் பகிர வேண்டும். கொடுப்பவர் தம் வலக்கையைப் பெறுபவரின் வலக்கையோடு சேர்க்க, இருவரும் இடக்கையால் மற்றவர் கையை மூடுவர். பெற்றவர் தம் அருகிலிருப்பவர்பால் திரும்புவார். பீடத்திலிருந்து புறப்படும் அத்தொடுகை கைமாறிக் கைமாறி, ஒரு காலத்தில் தனித்து அமர்த்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கும் வரிசைக்கும் வந்து சேர்கிறது.