ரைம்ஸ் வீடியோ போதாது... குழந்தைக்குப் பேச்சு வர நீங்கதான் வேணும்!

‘போனைக் காட்டினாதான் சாப்பிடுறான்...’, ‘ஏபிசிடி எல்லாம் வீடியோ பார்த்தே கத்துக்கிட்டா...’ - கைக்குழந்தை இருக்கும் பல வீடுகளில் கேட்கும் வசனங்கள் இவை. ஆனால், திரையில் கேட்கும் வார்த்தையும் உங்கள் மடியில் உட்கார்ந்து கேட்கும் வார்த்தையும் குழந்தைக்கு ஒன்றல்ல.

ஆய்வு சொல்வது என்ன?

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேட்ரீஷியா கூல் குழுவினர் செய்த ஆய்வு 2003-ல் வெளியானது. ஆங்கிலம் பேசும் வீடுகளின் 9 மாதக் குழந்தைகளோடு, சீன மாண்டரின் பேசுபவர்கள் நேரில் அமர்ந்து படித்தார்கள், விளையாடினார்கள். தலா 25 நிமிடங்கள், மொத்தம் 12 முறை. அந்தக் குழந்தைகள் மாண்டரின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதையே வீடியோவிலும் ஆடியோவிலும் கேட்ட குழந்தைகளோ கற்கவில்லை. காரணம் சிம்பிள்... வீடியோ, குழந்தைக்குப் பதில் சொல்லாது!

நீங்க என்ன செய்யலாம்?

* பதில் சொல்லுங்க: குழந்தை ‘ங்கா’ என்றால், முகம் பார்த்து நீங்களும் ‘ங்கா’ சொல்லுங்கள். பிறகு சில நொடிகள் காத்திருங்கள். அடுத்த ‘டர்ன்’ குழந்தையுடையது.

* வேலையோடு பேச்சு: குளிப்பாட்டும்போது, ‘சோப்பு வழுக்குது பார்’, ‘தண்ணி சூடா இருக்கா?’ எனப் பேசிக்கொண்டே இருங்கள்.

* பாட்டி விளையாட்டு: உள்ளங்கையில் பருப்பு கடைந்து, விரலை நண்டுபோல அக்குள்வரை ஊரவிடுங்கள். அடுத்து கிச்சுகிச்சுதான் என்று காத்திருக்கும்போதே, வார்த்தைகளின் வரிசை குழந்தைக்குப் பழகிவிடும்.

* புத்தகம்: ஆறு மாதக் குழந்தை புத்தகத்தைக் கடிக்கும், கடிக்கட்டும். கெட்டி அட்டைப் புத்தகமாகக் கொடுங்கள். முழுசாகப் படிக்க வேண்டியதில்லை. அதன் விரல் எந்தப் படத்தைத் தொடுகிறதோ, அதைப் பற்றிப் பேசுங்கள்.

* தாய்மொழி: உங்களுக்குச் சரளமாக வருவதில் பேசுங்கள். வீட்டில் இரண்டு மொழிகள் புழங்கினாலும் அதனால் பேச்சு தாமதமாகாது.

போன்... எவ்வளவு?

2 வயதுக்குள் திரை வேண்டாம், 2 முதல் 4 வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 பரிந்துரை.

எப்போது டாக்டரைப் பார்க்கணும்?

12 மாதங்களில் மழலை ஒலியோ, கைகாட்டுவதோ இல்லையா? 16 மாதங்களில் ஒரு வார்த்தைகூட வரவில்லையா? 2 வயதில் இரண்டு வார்த்தைகளைச் சேர்த்துப் பேசவில்லையா? ‘அவங்க அப்பாவும் லேட்டாதான் பேசினான்’ என்று காத்திருக்காதீர்கள். குழந்தைகள் நல மருத்துவரைப் பார்த்து, செவித்திறன் பரிசோதனையும் செய்துவிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோமோ, அவ்வளவு நல்லது.