வன்தட்டின் எழுத்து மறைந்தால் ‘போர்மட்’ செய்யாதீர்கள்
காணாமல் ஆக்கப்பட்டவரின் ஒரேயொரு படம், காணி உறுதியின் பிரதி என மீளப் பெறமுடியாதவை பல வீடுகளில் ஒரு வெளி வன்தட்டிலேயே உள்ளன. அது கணினியில் தெரியாவிட்டால் எல்லாம் அழிந்துவிட்டதாக அர்த்தமல்ல. ‘ஈ’, ‘எஃப்’ போன்ற எழுத்து விண்டோஸ் இடும் அடையாளம் மட்டுமே. முன்னர் செருகிய பென்டிரைவ் அந்த எழுத்தை எடுத்துக்கொண்டாலும் குழப்பம் வரும்.

விண்டோஸ் விசையுடன் எக்ஸ் விசையை அழுத்தி ‘டிஸ்க் மனேஜ்மென்ட்’ பகுதிக்குச் செல்லுங்கள். வன்தட்டின் மீது வலது சொடுக்கி, ‘சேஞ்ச் டிரைவ் லெட்டர் அன்ட் பாத்ஸ்’ மூலம் ‘இசட்’ போன்ற கடைசி எழுத்தொன்றைக் கொடுங்கள். மீண்டும் மறைந்தால் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

போர்மட் செய்யவா என்று கணினி கேட்டால் மறுத்துவிடுங்கள். ‘டிக் டிக்’ எனச் சத்தம் கேட்டால் உடனே கழற்றி, தரவு மீட்பவரிடம் கொடுங்கள். வன்தட்டு மீண்டும் தெரிந்ததும் முதல் வேலையாக இன்னொரு பிரதி எடுத்து, வேறொரு வீட்டில் வையுங்கள்.