வேலூரில் நிமிர்ந்த விரல்கள்

கை மறுவாழ்வுப் பாடத்தை நான் வேலூரிலிருந்துதான் தொடங்குவேன். 1946இல் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், மறு ஆண்டு செங்கல்பட்டில் ராபர்ட் காக்ரேனின் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார். அங்கே எங்கும் மடங்கிப்போன விரல்கள். உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழந்திருந்தன; முன்கைத் தசைகளில் பல நன்றாகவே இருந்தன. அவற்றின் தசைநாணை இடம் மாற்றித் தைத்தார் பிராண்ட்.

ஆபரேஷனைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். எனக்கு அதற்குப் பிறகு நடப்பதுதான் பெரிது. மோதிர விரலை மடக்கிய தசைநாண் இப்போது கட்டைவிரலை இழுக்கிறது. மாவுக்கட்டைப் பிரித்ததும், "மோதிர விரலை மடக்குங்க" என்போம். கட்டைவிரல் அசையும். அப்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்! பிறகு மெழுகு ஒத்தடம், பயிற்சி, பொறுமை. மூளை புதுக் கணக்கைப் படித்தாக வேண்டுமே.

பின்னர் நவஜீவ நிலையம் என்ற மறுவாழ்வு மையம் வந்தது. குணமானவர்கள் அங்கே தச்சு வேலை பழகினார்கள். விரல்களைத் தின்றது நோய் அல்ல, வலி தெரியாமல் பட்ட காயங்களே என்று பிராண்ட் அங்கேதான் உறுதியாகக் கண்டார். இந்த வரலாற்றில் நான் மிக மதிக்கும் உண்மை இது.

சர்க்கரை நோயால் மரத்துப்போன கை கால்களுக்கும் இது பொருந்தும். உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால், சூடான டம்ளரைத் துணி சுற்றிப் பிடிக்கச் சொல்லுங்கள். தினமும் இரவில் கையையும் பாதத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.