கடலடியில் ஒரு சரம்

மாணவர்களே, திருவிழாக்களில் கட்டும் சரவிளக்கைப் பார்த்திருப்பீர்கள். சிறு விளக்குகள் பலவற்றை ஒரே கம்பியில் கோத்திருப்பார்கள். ஒன்று கெட்டால் சரம் முழுதும் இருண்டுவிடும். ஆண்டு விழாவுக்கு முந்திய இரவில், ஏணிமேல் நின்றுகொண்டு, கெட்ட விளக்கு எது என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தவன் நான். அத்தகைய சரமொன்று அட்லாண்டிக் கடலின் அடியில் கிடந்தால் ஏணியை எங்கே சாத்துவது?

அக்கடலுக்கடியில் தந்திக் கம்பி 1866 முதல் நிலையாக இயங்கியது. ஆனால் மனிதக் குரலின் நுண்ணிய அதிர்வுகளோ நெடுந்தொலைவு செல்லுமுன் தேய்ந்து மறைந்துவிடும். 1927-இல் வானொலி வழியே தொலைபேசிப் பேச்சு தொடங்கிற்று. வானத்தின் மனநிலைக்கேற்ப அது கரகரத்தது, சில வேளை அறவே நின்றது. கம்பி வழியே பேச ஒரே உபாயந்தான் இருந்தது. குரல் தேயுந்தோறும் அதைப் பெருக்கி அடுத்த பெட்டிக்கு அனுப்பும் கருவிகளைக் கம்பியிலேயே வரிசையாகக் கோக்க வேண்டும்.

ஸ்காட்லாந்துக்கும் நியூபவுண்ட்லாந்துக்கும் இடையே, போவதற்கு ஒன்று வருவதற்கு ஒன்றாக இரு கம்பிகள். சுமார் 70 கிலோமீட்டருக்கு ஒன்றாக ஒவ்வொன்றிலும் 51 பெருக்கிகள். பெருக்கிக்கு மூன்று வால்வுகள், ஆக 306. அவற்றுக்கு வேண்டிய மின்சாரமும் குரல் செல்லும் அதே கம்பியில், இரு கரைகளிலிருந்தும் சென்றது.

இங்கே சிறிது கணக்குப் போடுங்கள். ஒரு வால்வு சராசரியாக இருபது ஆண்டு உழைக்கும் என்றே கொள்வோம். நம் வீட்டு வானொலிப் பெட்டியில் அப்படி உழைத்தால் கொண்டாடுவோம். ஆனால் 306 வால்வுகளில் இருபத்து நான்கு நாளுக்கு ஒன்று கெடும்! ஒவ்வொரு முறையும் கப்பல் சென்று ஆழ்கடலிலிருந்து கம்பியைத் தூக்க வேண்டும்.

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தார் இதற்குச் செய்ததைத்தான் நான் பெரிதும் மதிக்கிறேன். 1947-இல் டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்தவர்கள் அவர்களே. ஆயினும் தம் கைக்குழந்தையைக் கடலில் இறக்கவில்லை. 1930-களிலேயே வடிவமைத்து, ஆண்டுக்கணக்கில் எரியவிட்டுச் சோதித்த பழைய வால்வையே தேர்ந்தனர். 1950-இல் கீ வெஸ்டுக்கும் ஹவானாவுக்கும் இடையே இட்டு ஒத்திகையும் பார்த்தனர். அதன் பின்னரே, 1955, 1956 கோடைகளில், மொனார்க் என்னும் கப்பல் அட்லாண்டிக்கில் கம்பியை இறக்கிற்று. 1956 செப்டம்பர் 25-ஆம் நாள் பேச்சு தொடங்கியது. ஒரே நேரத்தில் 36 உரையாடல்கள்.

1978-இல் அது ஓய்வு பெற்றது. இருபத்திரண்டு ஆண்டுகளில் அவ்வால்வுகளில் ஒன்றுகூடப் பழுதாகவில்லை. அதற்குள், 1976-இல், ஒரே நேரத்தில் 4,000 உரையாடல்களைத் தாங்கும் கம்பி வந்துவிட்டிருந்தது. அதன் பெருக்கிகளில் இருந்தவை டிரான்சிஸ்டர்கள்.